சுவர்ச் சித்திரமும் சுண்ணாம்பும்

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் சித்திரங்களைக் குறித்து எழுதப் புகுவோர் பலர் ஒரு செய்தியைத் தவறாது சொல்லிவிடுகின்றனர். அவை மூலிகைச் சாற்றால் தீட்டப்பெற்றவை. ஆதலின் ஆயிரம் ஆண்டுகளாகியும் மங்காதவை என்பதே அது. செவிக்கு இனிய இக்கூற்று ஆராய்ச்சியின் முன் நிற்குமா?

1010-இல் முடிவுற்ற அக்கோயிலில், கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையில், நாயக்கர் காலத்துச் சித்திரங்களின் அடியில் சோழர் சித்திரங்கள் மறைந்திருத்தலை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர், சென்னை அரசாங்கக் காட்சிச்சாலையின் இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் அவற்றின் பூச்சையும் வர்ணங்களையும் சோதித்தார். அவர் கண்டவை யாவை? சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை. அதன் ஈரம் புலருமுன் தீட்டிய வர்ணம். அவ்வர்ணத்திலும் காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி போன்ற எளிய பொருள்கள்.

இதன் காரணம் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். தோட்டத்து லயங்களுக்கு வெள்ளையடித்தவர்கள் சுண்ணாம்பின் காரத்தைக் கைப்புண்ணால் அறிந்தவர்கள். அக்காரத்தில் இலைச்சாறும் பூச்சாறும் பெரும்பாலும் நிறங்கெடும். மண்ணும் தாதுவும் நிலைக்கும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. அவ்வாறு இறுகும்போது வர்ணப் பொடியையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. வேறு பசை வேண்டுவதில்லை. அஜந்தாவிலோ மண்பூச்சு உலர்ந்தபின் பசை கலந்த வர்ணத்தால் தீட்டினர். ஆதலின் தஞ்சையை அஜந்தாவின் நிழலென்று எழுதும் விமர்சகரும் சுவரைப் பாராமலே எழுதுகின்றனர்.

செங்காவி தமிழர்க்கே உரிய இரகசியமும் அன்று. தாப்பாவிலிருந்து ஈப்போ செல்வோர் சற்று அப்பால் தம்பூன் மலைப்பாறையைக் காணலாம். 1959-இல் அறியப்பட்ட அப்பாறைச் சித்திரங்களும் இரும்புத் தாதுவின் செந்நிறத்தால் ஆனவையே. எழுத்தறியா மாந்தரும் கண்டுகொண்ட மண் அது.

அங்ஙனமாயின் சோழர் காலத்தோரின் பெருமை எங்கே? ஈரச் சுவர் எவருக்காகவும் காத்திராது. அது உலருமுன் கோடும் வர்ணமும் பிழையின்றி அமைதல் வேண்டும். சுண்ணாம்பை நீற்றியவர், காரை பூசியவர், மண்ணை அரைத்தவர், தூரிகை பிடித்தவர் ஆகிய இத்தனை பேரின் உழைப்பும் ஒரே பொழுதில் கூடுதல் வேண்டும். மூலிகைக்குப் புகழ் சூட்டுவோர் இத்தொழிலாளர் கையிலிருந்து அப்புகழைப் பறிக்கின்றனர்.

தீங்கு இம்மட்டோடு நில்லாது. மங்காதது என்று நம்பப்பட்டதைக் காப்பார் யார்? விளக்குப் புகையும் மழைக்கசிவும் திருப்பணியென்னும் பெயரால் அடிக்கப்படும் வெள்ளையும் தமிழ்நாட்டில் அழித்த சுவர்ச் சித்திரங்கள் பல. தஞ்சையிலும் எஞ்சியவை சிதைந்த பகுதிகளே. கலையைப் போற்றி எழுதுவோர் முதலில் சோதனைச்சாலையின் முடிவைக் கற்று, பின்னர்ப் பேனாவை எடுப்பாராக.