தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு

செல்போனில் பரதநாட்டியம் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. என் டீச்சரின் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவேன். அவர் சென்னையில், நான் மஸ்கட்டில்!

இணைய வகுப்புக்குப் பெரிய எதிரி தாளம்தான். அவர் தட்டும் ஓசை எனக்குச் சற்றுப் பிந்தி வரும். என் காலோசை அவருக்கு இன்னும் பிந்திப் போகும். போதாக்குறைக்கு ஜூம் செயலி, தட்டுகழியின் ஒலியையே இரைச்சல் என்று வடிகட்டிவிடும். என்ன துணிச்சல்! 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டதும் 'தெய்யும் தத் தத்' கணீரென்று வந்துவிட்டது. தாமதத்துக்கு டீச்சர் கண்டுபிடித்த வழி அதைவிட அழகு. சொற்கட்டை மூன்று காலத்திலும் பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்பிவிடுவார். என் வீட்டு ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டு நான் ஆட, சொல்லும் காலும் ஒன்றாகவே கிளம்பி ஒன்றாகவே அவரிடம் போய்ச் சேரும்.

அடுத்தது, நான் அனுப்பும் வீடியோ. அரைமண்டியில் இருக்கும் இடத்தில் அதை நிறுத்தி, என் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். "அடவு முடியற வரைக்கும் தலை இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதும்மா." எந்தக் கண்ணாடி இவ்வளவு கறாராகச் சொல்லும்? தோளைத் தொட்டுத் திருத்தும் கை திரையில் கிடைக்காதுதான். போகட்டும். அபிநய வகுப்பில் அவர் முகம் திரை நிறைய இருக்கிறதே! சபாவில் முதல் வரிசை டிக்கெட் எடுத்தாலும் அந்தக் கீழிமையின் துடிப்பைப் பார்க்க முடியாது.

இந்த மயக்கத்தில்தான் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' ஆவணப்படத்துக்குப் போனேன். கடற்கரையில், புடவையைக் காற்று பறிக்க, பாலசரஸ்வதி 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், சொல்கிறேன்! கண்ணனை அழைக்கும் அந்தக் கை எங்கே கிளம்புகிறது, விரலிலா, மணிக்கட்டிலா, தோளிலா? 1984இல் மறைந்த அந்த மேதையிடம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், சலித்துக்கொள்ளவே மாட்டார்.

டீச்சரிடம் இதைக் கொட்டித் தீர்த்தேன். "தோள்லேருந்துதான்னு நினைக்கிறேன். நீ செஞ்சு வீடியோ அனுப்பு, பாக்கலாம்" என்றார்.