தன் எலும்பைக் கண்டவன்

கணிப்பொறி விளையாட்டு என்றவுடன் நம் வீடுகளில் பெரியோர் முகம் சுளிப்பது வழக்கம். சுடுதலும் ஓடுதலுமே அதில் உள என்பது அவர்தம் எண்ணம். ஆயின் 1980, 1990-களில் மேலைநாடுகளில் வளர்ந்த ‘வேடமேற்று ஆடும்’ விளையாட்டுகளுள் சில, படித்துச் சுவைப்பதற்கே உரியவை. அவற்றில் உருவங்கள் சிறியன. கதையைச் சொற்களே சுமக்கின்றன. யாரை நம்புவது, என்ன மறுமொழி கூறுவது என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார்.

இவ்வகையுள் தலையாயது எனப் பலரும் போற்றும் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ 1999-இல் வெளிவந்தது. அன்று பெரும் விற்பனை காணாத அது, 2017-இல் புதுப்பிக்கப்பெற்று இன்றும் ஆடப்படுகிறது. இந்நிலைபேற்றுக்குக் காரணம் யாது?

கதைத்தலைவனுக்குப் பெயரில்லை. பிணவறை ஒன்றில் கண் விழிக்கிறான். உடலெங்கும் தழும்புகள், முதுகில் பச்சை குத்திய எழுத்துகள், தான் யாரென்ற நினைவு மட்டும் இல்லை. பலமுறை மாண்டும் மீண்டெழுந்து, பழமையை மறந்தவன் அவன். அவன் மறந்த செயல்கள் அவனை மறக்கவில்லை. அவனை நம்பி உயிரிழந்த டியோனாரா ஆவியாக வந்து பேசுகிறாள். முன்னொரு பிறவியில் அவன் பூட்டிய சொற்றளையால் டக்கான் இன்றும் அடிமையாய் உடன் வருகிறான். தனக்கென எழுப்பப்பட்ட கல்லறைக்குள்ளேயே அவன் நுழைய நேர்கிறது. அவன் மாண்டெழுந்த ஒவ்வொரு முறையும் அவனுக்கு மாற்றாக வேறோர் உயிர் போயிற்று என்பதும் வெளிப்படுகிறது.

மணிமேகலையைக் கற்றோர்க்கு இது புதிதன்று. மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட ஆபுத்திரன், அமுதசுரபியைப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர்நீத்தான். மறுபிறப்பில் சாவக நாட்டுப் புண்ணியராசனாகி அத்தீவை அடைகிறான். அவனைத் தேடி வந்து உயிர்விட்ட வணிகர் ஒன்பதின்மரின் எலும்புகளைத் தீவதிலகை காட்டி, அவ்வுயிர்களுக்கும் அவனே பொறுப்பு என்கிறாள். பின்னர் அவன் மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்பையே காண்கிறான். பசிப்பிணி தீர்த்த அறவோனுக்கும் இக்கணக்கு உண்டு என்றது சாத்தனாரின் துணிவு.

வேறுபாடு ஒன்று உண்டு. புண்ணியராசன் கலங்குவதை நாம் காண்கிறோம். விளையாட்டில் கலங்க வேண்டியவர் நாமே. டக்கானின் தளை யாரால் வந்தது என்று அறிந்தபின் அவனிடம் என்ன சொல்வது? சில இடங்களில் ஒரே வாக்கியம் ‘மெய்’ என்றும் ‘பொய்’ என்றும் இருமுறை நிற்கும். சொல் ஒன்று, நெஞ்சு வேறு. தேர்ந்தெடுக்கும் விரல் நம்முடையது.

இதே திருவனந்தபுரத்தில், மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். நடித்தற்கு அன்றிப் படித்தற்கென அமைந்த நாடகம் அது. அங்கே படிப்பவர் மனமே அரங்கு. எல்லா வேடமும் அவருடையதே. நாம் பேசும் விளையாட்டு அதற்கு அடுத்த படி எனலாம். குறையும் இல்லாமல் இல்லை. போர்ப்பகுதிகள் சுவை குன்றியவை. சமயவாதிகள் கூற்றைக் கேட்கும் மணிமேகலைப் பகுதிபோல், சில உரையாடல்கள் பொறுமையைச் சோதிப்பன.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதில் தனிப்பொருள் உண்டு. மறந்துவிட்டோம் என்பதால் கடன் தீர்ந்ததாகாது. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். தமிழெழுத்து பலர்க்கு அயலாகி வருகிறது. படிக்கும் ஆர்வம் அவர்களிடம் இல்லை என்று நாம் குறை கூறுவது பொருந்தாது. பல லட்சம் சொற்கள் கொண்ட இத்தகைய கதைகளை அவர்களுள் சிலர் ஆங்கிலத்தில் இரவெல்லாம் படிக்கிறார்கள்.

தமிழிலும் வழி இல்லாமற் போகவில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்த சமையற்குறிப்பைக் கொண்டு தாய் இட்டலியும் புட்டும் சமைக்க, மகன் கவின் தமிழிலிருந்து விலகிச் செல்வதை அது காட்டுகிறது. அளவிற் சிறியது, வேடமேற்று ஆடும் வகையினதும் அன்று. ஆயினும் உலகோர் அதனைப் பாராட்டிப் பரிசளித்தனர்.

சாத்தனாரின் தீவு இன்னும் காத்திருக்கிறது. நம் பிள்ளை ஒருவன் புண்ணியராசனாக நின்று மணலைத் தோண்டி, தீவதிலகையின் வினாவுக்குத் தமிழில் விடை தேர்ந்தெடுக்கும் நாள் வருமாயின், அவ்விளையாட்டை நாமும் அவனருகில் அமர்ந்து படிப்போம்.