மின்னூட்டத்துக்கு நுண்புழை சரி, அளவுக்கு?

காந்த நானோ துகள்களைப் பற்றிய கட்டுரைகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் பெரும்பாலும் இருக்கும். அது உலர்த்தி எடுத்த படம். உடலுக்குள் செலுத்தவிருக்கும் துகள் நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதில் பார்க்க முடியாது. நீரிலேயே அளக்கும் ஒளிச்சிதறல் முறையில் வேறு சிக்கல். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடுவதால், 100 நானோமீட்டர் துகள் ஒன்றே 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்துக்கு ஈடாக ஒளியைச் சிதறடிக்கும். சிறியவை கண்ணுக்கே தப்பிவிடும்.

நுண்புழை எலக்ட்ரோஃபோரசிஸ் கைகொடுப்பது இங்கேதான். 50 மைக்ரோமீட்டர் உள்விட்டம், அரை மீட்டர் நீளம் உள்ள சிலிக்கா குழாய் மொத்தமாகக் கொள்வதே சுமார் 1 மைக்ரோலிட்டர். அதில் சில நானோலிட்டர் மாதிரியை ஏற்றி, 30,000 வோல்ட் வரை கொடுக்கலாம். சிட்ரேட் பூசிய இரும்பு ஆக்சைடு எதிர்மின்னூட்டம் உள்ளது, நேர்முனைக்கு இழுபடும். ஆனால் குழாய்ச் சுவரின் மின்னூட்டத்தால் எழும் நீரோட்டம் அதை எதிர்முனைக்கே தள்ளிச் செல்கிறது. மின்னூட்டமற்ற பொருள் முதலில் உணரியைக் கடக்க, துகள்கள் பின்தங்கி வருகின்றன. எவ்வளவு பின்தங்கின என்பதிலிருந்து நகர்திறனைக் கணக்கிடுகிறோம். துகளின் மேல் ஆல்புமின் படிந்தால் நகர்திறன் மாறும். திரள்கள் வரைபடத்தில் கூரிய முனைகளாகத் தனித்துத் தெரியும். சராசரியை மட்டும் தரும் கருவிகளிடம் இந்த விவரம் கிடைக்காது.

ஆனால் இதையே அளவுகோலாக்கித் துகளின் விட்டத்தைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 10 மில்லிமோலார் கரைசலில் துகளைச் சூழும் அயனிப் படலத்தின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர். துகள் அதைவிட மிகப் பெரிதானால், நகர்திறன் மேற்பரப்பு மின்னழுத்தத்தையே காட்டும், அளவைக் காட்டாது. சில நானோமீட்டர் ஆரமுள்ளவற்றில் அளவுக்கும் பங்குண்டு. ஆனால் சிட்ரேட் பூச்சின் ஏற்றத்தாழ்வும் அதோடு கலந்துவிடுகிறது. அளவு வேண்டுமென்றால் அதே கருவியில் மின்னழுத்தத்தை நிறுத்தி, அழுத்தத்தால் மட்டும் மாதிரியைத் தள்ளி, பட்டை எவ்வளவு விரிகிறது என்று பார்க்கலாம். டெய்லர் 1953-இல் வகுத்த கணக்கு அதற்குப் போதும்.

இதைவிடப் பெரிய குறை, காணாமல் போகும் துகள்கள். தாங்கல் கரைசலில் உப்பு கூடினால் துகள்கள் திரளும். பாஸ்பேட் சேர்த்தால் அது இரும்பு ஆக்சைடின் மேல் ஒட்டிக்கொண்டு சிட்ரேட்டை வெளியேற்றும். ஏற்றிய துகளும் உணரியை அடையும் துகளும் ஒன்றல்ல. அமீன் பூசிய நேர்மின் துகள்களோ பூச்சில்லாத சிலிக்கா சுவரிலேயே ஒட்டிவிடும். தப்பி வந்தவை மட்டும் அழகான ஒற்றை முகடாகத் தெரியும். ‘தூய மாதிரி’ என்று எழுதிவிடுவது எளிது. துகளின் காந்தத்தன்மை பற்றி இந்த முறை எதுவும் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க வழி இருக்கிறது. ஒரே மாதிரியைக் குறுகிய தூரத்துக்கு ஒருமுறையும் நீண்ட தூரத்துக்கு ஒருமுறையும் ஓட்டி, வேகத்துக்கு ஏற்பத் திருத்திய முகட்டுப் பரப்புகளை ஒப்பிட்டால் வழியில் எவ்வளவு தொலைந்தது என்று தெரிந்துவிடும். ஒரு மணி நேர வேலை. கட்டுரைகளை மதிப்பிடுபவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.