முருங்கைப் பொடியும் சோதனைக் குழாய்க் கணக்கும்

பழனி மலையடிவாரத்துக் கன்னிவாடியில் முருங்கை கொல்லைப்புறத்து மரம். கீரை வேண்டுமானால் ஒரு கொத்தை ஒடித்துக்கொள்வார்கள். அதே கீரை உலர்ந்து, பொடியாகி, பொட்டலத்தில் ஏறியதும் அதன் பேச்சே மாறிவிடுகிறது. "ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் நிறைந்தது, முதுமையைத் தடுக்கும், புற்றுநோயை விரட்டும்" என்ற பாணியில் விளம்பரங்கள் வருகின்றன. இவற்றில் முதற்கூற்று உண்மை. மற்ற இரண்டும் அதிலிருந்து பெறப்பட்டவை போலத் தோன்றினாலும், பெறப்பட்டவை அல்ல.

எண்ணெய் காறிப்போவதை நாம் அறிவோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்கும்போது தனி உறுப்புகள் தோன்றி, ஒன்று மற்றொன்றைத் தூண்ட, வினை சங்கிலியாக நீளுகிறது. முருங்கைக் கீரையிலுள்ள குவெர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் போன்றவை தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து இச்சங்கிலியை அறுக்கின்றன. இதைக் காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. டி.பி.பி.எச். என்னும் கருஊதாக் கரைசலில் கீரைச் சாற்றை விட்டால் நிறம் வெளுத்து மஞ்சளாகும். நல்ல சோதனைதான். ஆனால் அந்தக் குழாயில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை! நாம் உண்ணும் குவெர்செட்டினில் சிறு பகுதியே இரத்தத்தை அடைகிறது. அதுவும் பெரும்பாலும் வேறு சேர்மங்களாக மாறிய பிறகே. இத்தகைய மற்றோர் அளவீடான 'ஓ.ஆர்.ஏ.சி.' பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-இல் விலக்கிக்கொண்டது. அந்த எண்கள் உடலில் நிகழும் பயனைக் காட்டுவதில்லை என்பதும், வணிகர்கள் அவற்றைத் தவறாகக் கையாண்டனர் என்பதும் அதற்குக் காரணங்கள்.

மனிதரிடத்தே நடந்த சோதனை என்ன சொல்கிறது? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. முடிவு 1994-இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் 'ஏ'யும் கொடுத்து நடந்த ஆய்வு 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இவை மாத்திரையைப் பற்றியவை. இதைப் படித்துவிட்டு யாரும் கீரையைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

எதிர்ப்பொருள் ஐயமின்றி வேலை செய்யும் இடம் நம் அடுப்பங்கரை. வெண்ணெய் உருக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போடுகிறோமே, அது மணத்துக்கு மட்டுமன்று. இலையின் பீனால் சேர்மங்கள் நெய் காறுவதைத் தாமதப்படுத்த வல்லவை. விளம்பரக்காரர்களுக்கு ஏனோ இது கண்ணில் படுவதில்லை.

ஆரஞ்சைப் போல ஏழு மடங்கு வைட்டமின் 'சி' என்ற கணக்கும் உண்டு. அது பச்சைக் கீரையை எடைக்கு எடை ஒப்பிட்டுச் சொன்னது. உலர்த்தும்போது வைட்டமின் 'சி'யில் பெரும்பகுதி அழிகிறது. வெயிலில் உலர்த்தினால் பீட்டா கரோட்டினும் வெகுவாகக் குறையும். நிழலில் உலர்த்துவது மேல். மேலும், நாம் உண்பது பொடியில் ஒரு கரண்டி. கீரை என்றால் ஒரு கிண்ணம்.

முருங்கை பயிரிடும் திண்டுக்கல் மாவட்ட விவசாயிக்கு இது வெறும் சொற்போர் அன்று. பொய்யான புகழால் ஏறும் விலை, அந்தப் புகழோடு சேர்ந்தே இறங்கும். பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டியது வேறு: எந்த மாதம் பறித்தது, நிழலில் உலர்த்தியதா, உலர்ந்த பின் எஞ்சிய பீட்டா கரோட்டின் எவ்வளவு, இரும்பும் கால்சியமும் ஒரு கரண்டியில் எவ்வளவு. இன்னும் ஒன்று: கீரைகளில் வைட்டமின் 'கே' மிகுதி. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் இப்பொடியைத் தினமும் உண்ணத் தொடங்கலாகாது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.