பட்டியலும் படிப்பும்

ஆண்டுக்கு ஐம்பது நூல், திரைப்பட விழாவொன்றில் இருபது படம் என இலக்கு வகுத்துக் குறிப்பேட்டில் பதிந்துவரும் வழக்கம் இன்று நம் இளைஞரிடையே பரவியுள்ளது. பட்டியலிடுதல் தமிழ்த் திறனாய்வுக்குப் புதிதன்று. க. நா. சுப்ரமண்யம் 'பட்டியல் போடுபவர்' என்றே பழிக்கப்பட்டார். காரணம் கூறாது பெயர்களை அடுக்குகிறார் என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மையே இல்லை என நாம் வாதிட மாட்டோம். ஆயினும் 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூலில் அவர் ஒவ்வொரு நூலாக எடுத்துக்கொண்டு வாசகரோடு உரையாடுகிறார். தலைப்பே வினாதான், எத்தனை என்று அது கேட்கவில்லை.

படம் பார்ப்பதும் இத்தகையதே. 1952-இல் இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. விழா நம் ஊருக்கு வராவிடினும் குறையில்லை. சித்தூரைத் தம் பெயரில் தாங்கிய வி. நாகையா நடித்த தமிழ் 'மீரா'வையும் (1945), அவரே இயக்கி நடித்த தெலுங்குத் 'தியாகய்யா'வையும் (1946) அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒரே குரல் இரு மொழிகளில் எங்ஙனம் இயங்குகிறது என்பதை நுட்பமாக உணர, சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மினும் தகுதியுடையார் யார்? அவ்வுணர்வைக் குறிப்பேட்டில் காணோம். பெயரும் தேதியுமே உள.

வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு எழுதும் பிள்ளை, தமிழ் நூலின் பெயரையும் தெலுங்கெழுத்திலேயே குறிக்கிறது. அதனைக் கடிவதற்கில்லை. பெயருக்கு அருகே தன் கருத்தை ஒரு வரியேனும் தமிழில் எழுதச் செய்வோம். அவ்வரிக்கு அரைமணி செல்லலாம். ஐம்பது முப்பதாகக் குறையலாம். குறையட்டும்.