அடுக்குமொழிக்கு அப்பால் அண்ணா

அடுக்குமொழியும் திரைப்படமும் சேர்ந்து உருவாக்கிய தலைவர்தான் அண்ணா என்ற கருத்து படித்தவர்களிடையே இன்று எளிதாகச் செலாவணியாகிறது. மேடையை நீக்கிவிட்டால் அவரிடம் எஞ்சுவது சொற்பம் என்பது அதன் உட்பொருள். அவருடைய எழுத்தையும் பேச்சையும் கால வரிசையில் படிப்பவருக்கு இந்தக் கருத்து நிற்காது. அடுக்குமொழி அவருடைய இளமையின் நடை. முதிர்ச்சியின் நடை 1962-க்குப் பிந்திய ஏழு ஆண்டுகளில் இருக்கிறது. அதிகம் படிக்கப்படாததும் அதுவே.

தொடக்க காலம் பலரும் அறிந்தது. 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறப்பு. பச்சையப்பன் கல்லூரியில் படிப்பு. 1934-ல் திருப்பூரில் பெரியாருடன் சந்திப்பு. 1938 இந்தி எதிர்ப்பில் சிறை. 1942-ல் காஞ்சியிலிருந்து ‘திராவிட நாடு’ இதழ். 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய தீர்மானம். 1943-ல் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் நடந்த கம்பராமாயண வாதங்கள் அவரைத் தமிழகமெங்கும் கொண்டுசேர்த்தன. ஆனாலும் ‘கம்பரசம்’ அவருடைய பலவீனமான நூல். வழக்கறிஞரின் சாமர்த்தியம் அதில் உண்டு. கவிதை வாசகனின் பொறுமை இல்லை.

1949-ல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. அதே ஆண்டில் ‘வேலைக்காரி’, ‘நல்லதம்பி’ படங்களும் 1951-ல் ‘ஓர் இரவு’ம் வந்தன. அவருடைய புகழை அளப்பவர்கள் இந்த வசனங்களோடு நின்றுவிடுகிறார்கள். ‘செவ்வாழை’ என்ற சிறுகதை இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது. ஏழை உழவன் செங்கோடன் தன் குழந்தைகளுக்காகக் கொல்லையில் ஒரு செவ்வாழைக் கன்றை வளர்க்கிறான். அது எப்போது குலை தள்ளும், யாருக்கு எத்தனை பழம் என்று குழந்தைகள் கணக்குப் போடுகிறார்கள். பழுக்கும் வேளையில் குலை பண்ணையார் வீட்டுக்குப் போய்விடுகிறது. நில உடைமையின் கொடுமை ஒரு குழந்தையின் ஏமாந்த முகத்தில் தெரிந்துவிடுவதால் இந்தக் கதை மேடை முழக்கத்தை நாடவில்லை. பின்னாளைய அண்ணாவின் தெளிந்த குரலுக்கு விதை இங்கே இருக்கிறது.

1953-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, கழகத்தினர் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர், அண்ணாவும் விற்றார். 1957-ல் காஞ்சிபுரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962-ல் கழகம் 50 இடங்களில் வென்றபோது அதே ஊர் அவரைத் தோற்கடித்தது. அந்தத் தோல்விதான் அவரை மாநிலங்களவைக்குக் கொண்டுசென்றது. இந்தியா முழுமைக்குமான அண்ணா அங்கே உருவானார்.

1962 மே மாதக் கன்னிப் பேச்சில் அவர் பிரிவினை கேட்டார். சீனப் போர் மூண்டதும் அந்தப் பிரசாரத்தை நிறுத்தினார். பிரிவினைக் கோரிக்கையோடு தேர்தலில் நிற்பதைத் தடுத்த பதினாறாவது திருத்தத்துக்குப் பின், 1963-ல், கோரிக்கையையே கைவிட்டார். இதைப் பின்வாங்கல் என்பது மேலோட்டமான வாசிப்பு. நாட்டின் எல்லையை விட்டு அதிகாரத்தின் எல்லையைப் பேசத் தொடங்கினார் என்பதே பொருத்தம். அரசமைப்பின் கீழ் இறைமை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பகிரப்பட்டது என்று வாதிட்டார். எண்ணிக்கையில் மிகுந்ததே தேசிய மொழி என்றால் மயிலை விட்டுக் காக்கையையல்லவா தேசியப் பறவையாக்கியிருக்க வேண்டும் என்று கேட்டார். 1963-ல் மாநிலத்தின் பெயரை மாற்றக் கோரிய பூபேஷ் குப்தாவின் மசோதாவை ஆதரித்து, தமிழ்நாடு என்ற பெயருக்குப் பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைச் சான்று காட்டினார். பெயர் மாற்றத்தால் என்ன லாபம் என்று கேட்டவர்களிடம், நாடாளுமன்றத்தை லோக்சபா என்றும் குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் மாற்றி அடைந்த லாபம் என்ன என்று திருப்பிக் கேட்டார். அலங்காரம் உதிர்ந்து தர்க்கம் மட்டும் நின்ற பேச்சு அது.

காஞ்சியிலும் அடுத்துள்ள ஓரிக்கையிலும் பழகிய கோர்வை நெசவு இறைமையைப் பகிரும் இந்தச் சிந்தனையை விளக்கப் போதும். புடவையின் உடலுக்கு ஒரு நாடா ஓடும். கரைக்கு வேறு நாடா. இரண்டு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் விளிம்பில்தான் நெசவாளியின் தரம் தெரியும். கரை தன் நிறத்தை இழப்பதில்லை, புடவையும் இரண்டாவதில்லை. அண்ணா கேட்ட கூட்டாட்சி இப்படிப்பட்டது.

1967 மார்ச் 6 அன்று முதலமைச்சரானபின் சொன்னவை சட்டமாயின. சுயமரியாதைத் திருமணம் சட்டத் தகுதி பெற்றது. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பொங்கலையொட்டித் ‘தம்பி’ என்று விளித்துத் தொண்டர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஏட்டில் கூட்டாட்சியாக இருக்கும் அரசமைப்பு நடைமுறையில் அதிகாரத்தை மத்தியில் குவிக்கிறது என்று, ஆட்சி நடத்திப் பார்த்த அனுபவத்திலிருந்து எழுதினார். 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அதே ஆண்டில் மத்திய–மாநில உறவுகளை ஆராய இராஜமன்னார் குழு அமைந்தது. 1974-ல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. இரண்டுக்கும் வித்து அந்த மாநிலங்களவைப் பேச்சுகளிலும் கடைசிக் கடிதத்திலும் இருக்கிறது.