தவழ்ந்து போன கிழவர்

பெரியபுராணத்தில் அப்பர் கயிலைக்குப் போகும் பகுதியைப் பக்தியின் உச்சம் என்று மேடையில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எதிர்த்தரப்பு அதையே உடம்பை வதைக்கிற பைத்தியக்காரத்தனம் என்று சொல்லும். இரண்டு பேருமே வலியைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஆள் எப்படி நகர்ந்தார் என்பதை யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

காசியில் உடன் வந்தவர்களை விட்டுவிட்டு அப்பர் தனியாகக் காட்டுக்குள் போகிறார். முதலில் பாதம் பரடு வரைக்கும் தேய்கிறது. கையை ஊன்றித் தவழ்கிறார். மணிக்கட்டும் தேய்கிறது. மார்பால் உந்துகிறார், எலும்பு முறிகிறது. பிறகு புரள்கிறார். அதுவும் முடியாமல் போனதும் வழியிலேயே கிடக்கிறார்.

தை மாதம் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பேகம்பூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். கொப்புளம் வெடித்த காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். சேக்கிழாரின் முதல் படி வரை நம்ம கண்ணுக்குப் பழக்கம். அதற்குக் கீழே உள்ள படிகள்தான் விஷயம்.

இந்த வரிசையைத் தலைகீழாக வாசித்துப் பாருங்கள். புரள்வது, வயிற்றால் உந்துவது, கை ஊன்றித் தவழ்வது, நடப்பது. இது ஒரு கைக்குழந்தையின் முதல் வருஷம். எல்லாப் பிள்ளையும் இப்படியே வளரும் என்றில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. ஆனால் பொதுவான பாதை இதுதான். ஒரு கிழவரை வந்த வழியே திருப்பி அனுப்புகிறார் சேக்கிழார்.

பிள்ளைத்தமிழ் இதே அசைவைக் கொண்டாடுகிறது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையாட்டும் குழந்தைக்குச் செங்கீரை என்று ஒரு பருவமே உண்டு. தொல்காப்பிய மரபியல் பறவைக் குஞ்சுக்குரிய பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களையே தவழும் உயிர்களின் குஞ்சுக்கும் கொடுக்கிறது. ஓணானும் முதலையும் தவழ்வதில் எந்தக் குறையும் இல்லை, அதுதான் அவற்றின் முழு நடை. மனுஷனுக்கு மட்டும் அது ஒன்று தொடக்கம், இல்லையென்றால் வீழ்ச்சி.

பொறியாளர் புத்திக்குத் தவழ்தல் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நாலு ஊன்றுகோலில் ஒன்றைத் தூக்கினாலும் மூன்று தரையில் இருக்கும். எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை மெதுவாக நகரும் எந்திரம் விழாது. விலையாகப் பார்வையைக் கொடுக்க வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 மாதக் குழந்தைகளின் தலையில் சின்னக் கேமராவைக் கட்டிப் பார்த்து 2014ல் எழுதினார்கள்: தவழும் குழந்தை பெரும்பாலும் தரையைத்தான் பார்க்கிறது, நடக்கும் குழந்தைக்கே அறை முழுக்கத் தெரிகிறது. கயிலையைக் கண்ணால் பார்க்கக் கிளம்பியவர் கடைசியில் பார்த்துக்கொண்டு போனது மண்ணை.

அப்படியானால் இது தாழ்வா? 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் ஜெனரல் டயர் ஓர் உத்தரவு போட்டார். ஆங்கிலேய மிஷனரிப் பெண் ஒருவர் தாக்கப்பட்ட சந்து வழியாகப் போகும் இந்தியர்கள் ஊர்ந்துதான் போக வேண்டும். வீடு அந்தச் சந்தில் இருந்தவர்களும் வயிற்றால் நகர வேண்டியிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் அப்பர் செய்ததும் அதே அசைவு. சேக்கிழார் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் இடம் கயிலைப் பகுதியில் இல்லை, அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. பல்லவ மன்னன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது, தான் யாருக்கும் அடங்கியவன் இல்லை என்று சொன்னவர்தான் இந்தக் கிழவர். நீற்றறையில் போட்டார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். வளையவில்லை. ராஜாவுக்கு முன்னால் வளையாத உடம்பு, யாரும் உத்தரவு போடாத காட்டில் தானாகத் தவழ்கிறது. அந்த முதல் கதையை விட்டுவிட்டு இதை மட்டும் பாடம் நடத்தினால் அடிமைத்தனத்துக்குப் பயிற்சி கொடுப்பதாகத்தான் முடியும். மேடைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. அரசியல்வாதி தலைவர் முன்னால் தவழ்ந்தால் சிரிக்கிற நாம், இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

சேக்கிழார் மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. முனிவராக வந்த சிவன் மறைந்து, எழுந்திரு என்று குரல் கேட்டதும் தேய்ந்த உறுப்பெல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்த உடம்பை இவ்வளவு சுலபமாக மீட்டிருக்க வேண்டாம்.

ஆனால் கயிலை மலைக்கே கொண்டுபோய் அவர் காட்டவில்லை பாருங்கள், அது பெரிய முடிவு. அங்கே ஒரு குளத்தில் முழுகியவர் திருவையாற்றில் எழுகிறார். அப்போது பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தில் கயிலை மலையே இல்லை. களிறும் பிடியும், சேவலும் பெடையும், மயில், பன்றி என்று சோடி சோடியாக வந்துகொண்டிருக்கின்றன. தரையோடு தரையாக அவ்வளவு தூரம் போன மனுஷனுக்குக் கடைசியில் தென்பட்டவற்றில் அவையும் உண்டு.